குட்டன் கை மடிப்பு

எங்கள் தெருமுனையில் நகராட்சி வைத்த பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி நேற்று உருகிப்போனது. யாரோ அணையாத நெருப்புக் கங்குகளைக் கொட்டியிருக்கிறார்கள். அந்த வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. புகை என்றாலே எனக்குத் தகரக்காரர் குட்டன் நினைவுதான்.

போடிமெட்டு இறங்கி வந்த மலையாளத்துக்காரர். ஏலக்காய் உலர்த்தும் அறைக்குள் சூடு ஓடும் தகரக்குழாயை அடிப்பது தொழில். குழாய் கொஞ்சம் கசிந்தாலும் காய் புகை நாறும். வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். குட்டன் மடித்த விளிம்பில் புகை கசியாது. குரங்கணி வரை எந்த முதலாளி வீட்டிலும் அவருக்கு நாற்காலி உண்டு. இத்தனை பேருக்கு வேண்டியவர் ஏன் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்று எனக்கு அப்போதே உறுத்தும். நகராட்சியில் வேலை பார்த்தவன் புத்தி அப்படித்தான் போகும்.

ஒருநாள் கேட்டார். வார்டு உறுப்பினர் பதவிக்கு மனு. நகராட்சிக்குத் தகரக் குப்பைத்தொட்டி செய்து கொடுக்கும் ஒப்பந்தம் அவரிடம் இருந்தது. ஒப்பந்தக்காரர் தேர்தலில் நிற்க முடியாது. அதனால் ஒப்பந்தத்தை முறைப்படி விட்டுவிட்டுத்தான் வந்தார். அது அவருடைய அளியனுக்குப் போயிருந்தது. மச்சானை அவர்கள் பக்கம் அப்படிச் சொல்வார்கள். மனு தள்ளுபடியானால் ஒப்பந்தமும் இல்லை, பதவியும் இல்லை.

பரிசீலனைக்கு அலுவலர் நான். எதிர்த்து நின்றவர் ராசிங்காபுரத்தில் நிலபுலன் உள்ளவர். ஒரு புதுத் தொட்டியையே தூக்கி வந்து என் மேசைமேல் வைத்தார்.

“போன வாரம் வந்த தொட்டி சார். இந்த மடிப்பப் பாருங்க. குட்டனத் தவிர எவன் கை இது?”

குட்டன் தொட்டியை வாஞ்சையாகத் தடவினார். “என் கையாக்கும் சாரே. கூலிக்கு அடிக்கறேன். ஒப்பந்தம் அளியனோடது.”

“அந்த அளியனக் கூட்டிட்டு வாய்யா, பாப்போம்.”

“மலையில சோலியா இருக்கான் அண்ணே. வெரசா வந்துருவான்.”

சட்டம் தடுப்பது ஒப்பந்தத்தை, கூலி வேலையை அல்ல. மனுவை ஏற்றேன். நம்பினேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

குட்டன் ஜெயித்தார். உறுப்பினர், தலைவர், பிறகு சொந்தமாக ஏலக்காய் வியாபாரம். ஊரிலிருந்த தொட்டிகளில் எல்லாம் அதே மடிப்பு. நான் ஓய்வு பெறும்வரை அளியன் மலையிலிருந்து இறங்கவே இல்லை.

சென்ற ஆண்டு குட்டன் இறந்தார். பாதி துக்கத்துக்காகவும் பாதி அளியனைப் பார்த்துவிடவும் போனேன். வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கைகூப்பிக்கொண்டிருந்தவர் அந்த ராசிங்காபுரத்துக்காரர். குட்டனின் வியாபாரத்தில் வெகுகாலமாகப் பங்குதாரராம்.

“அளியன் வந்திருக்காரா?” என்றேன்.

“ஏன் சார், நான் ஒருத்தன் நிக்கிறது பத்தாதா?”

தகரத்தொட்டிகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. இப்போது வருபவை எந்த ஊரிலோ வார்த்தவை. உருகிய தொட்டியை இன்று காலை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கும் ஒரு மடிப்புக்கூட இல்லை. யாரைச் சந்தேகப்படுவது?