பிஸ்கற் தீர்மானம்

சமத்துவத்துக்காக எனக்கு ஒரு கேடயம் கிடைத்தது. ஒரு தாய் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வருவதை நிறுத்தியதற்காக அதைத் தந்தார்கள். அப்படிச் சொல்லித் தரவில்லை, நானும் அப்படி நினைத்து வாங்கவில்லை. மேடையில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஒருதரம் வாங்கினேன். படமெடுத்தவரின் கை ஆடிவிட்டதென்று திருப்பிக் கொடுத்து இன்னொருதரமும் வாங்கினேன். ஐம்பத்துநாலு வயதில் ஒரு மனிதன் எவ்வளவு பெரிய பேயனாக இருக்கலாம் என்று பார்க்க விரும்புகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்க்கலாம். கழுத்தில் மாலை வேறு.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சண்டிலிப்பாய்க்குப் பக்கத்தில். நான் சுன்னாகத்தில் ஒரு ஃபோட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். ஊர்ச் சனசமூக நிலையத்துக்குச் செயலாளரும் நான்தான். என்னிடம் மெசின் இருக்கிறது, கடிதம் அடிக்கலாம். விழா நடந்தால் மைக்கைப் பிடித்துப் பகிடி விட்டுச் சிரிக்கவைக்க ஒரு ஆள் வேண்டும், அதற்கும் நான் இருக்கிறேன். இந்த இரண்டு தகுதியோடு பத்து வருடத்துக்கு மேலாக அந்தச் செயலாளர் கதிரையில் இருக்கிறேன்.

நிலையத்தின் பின்மண்டபத்தில் முன்பள்ளி நடக்கிறது. அங்கே பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்கு 'முறை' என்று ஒரு வழக்கம். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுத் தாய் சமைத்துக்கொண்டு வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும். கௌபி, கடலை, ரொட்டி, பயற்றங்கஞ்சி, அவரவருக்கு இயன்றது. யாருக்கு எந்த நாள் என்று சுவரில் ஒரு பட்டியல் தொங்கும். தன் வீட்டு முறை வருகிற நாளில் அந்தப் பிள்ளைக்குத் தனி மரியாதை. அம்மா அகப்பையோடு நிற்க, பிள்ளை பக்கத்தில் நின்று ஒவ்வொரு கோப்பையாக எடுத்துக் கொடுக்கும். "இண்டைக்கு எங்கடை" என்று காண்கிற எல்லோருக்கும் சொல்லும். என் பேத்தியும் அங்கேதான் படிக்கிறாள். தன் முறைக்கு முதல்நாள் எங்களை ஒருவரையும் நித்திரை கொள்ள விடமாட்டாள்.

போன வருடம் கோயிலுக்குப் பின்னால் போகிற ஒடுங்கிய ஒழுங்கையிலிருந்து நாலு பிள்ளைகளைப் புதிதாகச் சேர்த்தோம். அந்த ஒழுங்கைக்கும் எங்கள் வீடுகளுக்கும் நடுவில் ஒரு வாய்க்காலும் சாதியும் இருக்கின்றன. வாய்க்கால் கோடையில் வற்றிவிடும். சாதி என்ற சொல் எங்கள் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் ஒருதடவைகூட வந்ததில்லை. எழுதுகிறவன் நான், அதனால் உறுதியாகச் சொல்லலாம்.

நாலு பிள்ளைகளில் ஒரு சின்னப் பெண்ணின் தாய்க்கு முதல் முறை வந்தது. வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகிறவர். எங்கள் ஊரில் பாதிப் பேரின் குசினியில் கிடக்கிற வெங்காயம் அவர் கிண்டியதாகத்தான் இருக்கும். அன்றைக்குப் பயறும் பச்சையரிசியும் போட்டு, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டு, ஒரு பெரிய பானை கஞ்சியோடு வந்தார். பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்ததுகளிலும் கனபேரின் கையில் சாப்பாட்டுப் பெட்டி. ரீச்சருக்கு ரெலிபோனுக்கு மேல் ரெலிபோன். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு வயிற்றாலை, ஒருவருக்குப் பல்லு. ஒரே காலையில் ஒரே ஊரில் இத்தனை பிள்ளைகளுக்கு வருத்தமென்றால் உண்மையில் சுகாதாரப் பகுதி ஜீப் வந்திருக்க வேண்டும். என் பேத்திக்கு என்ன வருத்தம் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

அந்த ஒழுங்கையின் அடுத்த முறையும் இதேபோல் நடந்தது. நிலையத்தின் தலைவர் இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உமக்குத்தான் மூளை ஓடும். ஒருத்தற்ரை மனமும் நோகாமல் ஒரு வழி பாரும்."

மூளை ஓடியது. மூன்று நாள் யோசித்து, கடையில் இருந்தபடியே எழுதினேன்: 'பிள்ளைகளின் சுகாதார நலன் கருதி, வீடுகளில் சமைத்த உணவு கொண்டுவருவது நிறுத்தப்பட்டு, அனைவருக்கும் ஒரேவிதமாகப் பிஸ்கற்றும் பக்கற் பாலும் வழங்கப்படும்.' ஏகமனதாக நிறைவேறியது. கை தட்டினார்கள். முறைப் பட்டியலை நானே ஆணியிலிருந்து கழற்றினேன். யாரையும் நோகடிக்காமல் ஒரு பிரச்சினையைத் தீர்த்த பெருமையில் அன்றைக்கு இரண்டு கறியோடு கூடுதலாகச் சோறு சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு அமைப்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நிலையங்களில் சமத்துவம் எப்படி இருக்கிறது, எல்லோரையும் உள்வாங்குகிறார்களா என்று பார்க்கிற ஆட்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் இருந்து ஒரே பிஸ்கற்றைத் தின்பதைக் கண்டு உருகிப்போனார்கள். கேடயம் அதற்குத்தான். நான் மைக்கில் பேசினேன். "எங்கடை நிலையத்திலை வேறுபாடு எண்டால் கிறீம் பிஸ்கற்றுக்கும் மா பிஸ்கற்றுக்கும் இடையிலைதான்" என்றேன். மண்டபமே சிரித்தது.

நாலைந்து நாள் கழித்து அந்தத் தாய் என் கடைக்கு வந்தார். கொப்பி எடுக்க ஒன்றும் கொண்டுவரவில்லை.

"அண்ணை, சுவரிலை தூக்கியிருந்த முறைப் பட்டியல் இனி வராதோ?"

"ஏன் தங்கச்சி? விடிய எழும்பிக் காய்ச்சிற அலுப்பு இல்லை. எல்லாத் தாய்மாருக்கும் லீவு விட்டிருக்கிறன்" என்றேன், வழக்கமான பகிடியோடு.

அவர் சிரிக்கவில்லை.

"மாசியிலை என்ரை பிள்ளைக்குப் பிறந்தநாள். சர்க்கரைப் புக்கை பொங்கிக் கொண்டு போனனான். ரீச்சர் வாசல்லை மறிச்சு, 'குறை நினையாதேங்கோ, வீட்டுச் சாமான் எடுக்கக்கூடாதெண்டு நிலையத்தாலை கடிதம் வந்திருக்கு, கடையிலை வாங்கின ரொபி பக்கற் இருந்தால் தாங்கோ' எண்டவ. சட்டமெண்டால் சட்டம்தானே. திருப்பிக் கொண்டு வந்திட்டன். அதுக்கு அடுத்த கிழமை உங்கடை பேத்தின்ரை பிறந்தநாள். மோதகம் குடுத்தவையாம். என்ரை பிள்ளையும் ஒண்டு திண்டிட்டு வந்து, நல்ல இனிப்பு அம்மா எண்டவள்."

நான் மேசையில் கிடந்த கடதாசிகளை அடுக்கத் தொடங்கினேன்.

"அந்த மோதகம் ஆர் அண்ணை கொண்டு போய்க் குடுத்தது?"

நான்தான். மனைவி அவித்து, வாழையிலை போட்டு மூடித் தந்த பெட்டியை மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்து நானே கொண்டுபோனேன். ரீச்சர் இரண்டு கையாலும் வாங்கினா. நான் எழுதிய தீர்மானம் எனக்கு ஞாபகமே வரவில்லை. அது எங்கள் வீட்டுக்கு எழுதியதல்ல என்று என் கைக்கும் காலுக்கும் தெரிந்திருக்கிறது. தலைக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

"நான் சண்டைக்கு வரேல்லை அண்ணை" என்றார் அவர். "பிள்ளை ஒவ்வொரு நாளும் கேக்கிறாள், எங்கடை முறை எப்ப அம்மா எண்டு. அவளுக்கு நான் என்ன சொல்ல? அதைக் கேக்கத்தான் வந்தனான்."

அவர் போனபிறகு கடையின் கண்ணாடிக் கதவை அடித்துச் சாத்தினேன். பாவம், கதவு என்ன செய்தது. சுகாதார நலன் கருதி! அந்தச் சொல்லை நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. நேருக்கு நேர் நின்று "நீ சமைத்ததை எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள்" என்று சொல்ல ஊரில் ஒருவருக்கும் தைரியம் இல்லை. அதற்குத்தான் என்னைப் பிடித்திருக்கிறார்கள். நல்ல தமிழில் எழுதுவான், சிரித்துச் சிரித்துச் செய்வான். நானும் செய்தேன். அந்த ஒழுங்கையின் பானையை நிறுத்துவதற்காக எல்லோருடைய பானையையும் நிறுத்தினோம். பிறகு பிறந்தநாளைச் சாட்டி ஒவ்வொருவராகத் தங்கள் பானையைச் சத்தமில்லாமல் திரும்பக் கொண்டுவந்தோம். வெளியில் நின்றது அந்த ஒழுங்கையின் பானை மட்டும்.

அடுத்த கூட்டத்தில் எழும்பி, பிஸ்கற் தீர்மானத்தை நீக்க வேண்டும், முறை திரும்ப வரவேண்டும் என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, தீர்மானம் எழுதினது நீர். கேடயம் வாங்கினது நீர். இப்ப பிழையெண்டு சொல்லுறதும் நீரோ?"

"ஓம் மாஸ்ரர். மூண்டும் நான்தான். மூண்டாவதை மட்டும்தான் யோசிச்சுச் செய்யிறன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது கொதித்தது. வருடக்கணக்காகப் பகிடி விட்டவனுக்குக் கோபம் வந்தாலும் சனம் அடுத்த பகிடிக்குத்தான் காத்திருக்கும். நான் மேசையில் அடித்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

பொருளாளர், என்னோடு ஒன்றாகப் படித்தவர், சொன்னார்: "அவையளைச் சேக்காமலோ விட்டனாங்கள்? எங்கடை பிள்ளையளோடை ஒண்டாத்தானே இருக்கினம். இன்னும் என்ன வேணுமாம்?"

"சமைக்க வேணுமாம்."

"அவையவை வீட்டிலை சமைக்கட்டும். ஆர் மறிச்சது?"

"நீ சுன்னாகம் வந்தால் தேத்தண்ணிக் கடையிலை நாலு வடை தின்னுறாய். ஒருநாளாவது குசினிக்குள்ளை எட்டிப் பாத்து, வடை சுடுற தாச்சிக்குப் பக்கத்திலை நிக்கிறவன் எந்த ஒழுங்கையெண்டு விசாரிச்சனியோ?"

"அது கடை."

"அப்ப உந்தப் பிஸ்கற்றை ஆர் சுட்டது?"

"அது மெசின்."

இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை என்பதுதான் காரணம். மெசினுக்குச் சாதியில்லை. எங்கள் நிலையம் கண்டுபிடித்த சமத்துவம் அவ்வளவுதான். அதற்குத்தான் கேடயம்.

பிறகு ஒவ்வொருவராகக் கதைத்தார்கள். ஒருவருக்கும் தன்னளவில் ஒன்றுமில்லையாம். வீட்டில் மாமியார் ஒருமாதிரியாம், வெளிநாட்டில் இருக்கிற தமையன் கேள்விப்பட்டால் பேசுவாராம், கோயில் ஆட்கள் என்ன நினைப்பார்களாம். இவ்வளவு நல்லவர்கள் கூடியிருக்கிற இடத்தில் அந்தக் கஞ்சியை வேண்டாமென்றது யார் என்று எனக்கு விளங்கவில்லை.

"அப்ப இந்தாருங்கோ" என்று குறிப்புப் புத்தகத்தைத் தலைவருக்கு முன்னால் போட்டேன். "இனி ஆரும் எழுதுங்கோ. நான் போறன்."

எல்லோரும் அந்தப் புத்தகத்தைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கணக்காய்வுக்குக் குறிப்பு வேண்டும், பிரதேச சபைக்குக் கடிதம் வேண்டும், ஆண்டுவிழா வேறு வருகிறது. ஒருவரும் கையை நீட்டவில்லை.

"சரி, கோவிக்காதையும்" என்றார் தலைவர். "உம்மடை பட்டியலைப் போடும். இப்ப இரும்."

நியாயம் அப்படித்தான் வென்றது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் எழுத்துவேலை செய்யப் பஞ்சி, அவ்வளவு சோம்பல்.

புதுப் பட்டியலை அன்றைக்கே அடித்தேன். திங்கட்கிழமைக்கு நேரே அந்தத் தாயின் பெயரைப் போட்டேன். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். அந்த ஒழுங்கைக்குள் இதற்கு முதல் எப்போது வந்தேன் என்று யோசித்தேன். தேர்தல் ஒன்றுக்கு நோட்டீஸ் கொடுக்க வந்தது. அவர் பட்டியலை வாங்கி வாசித்தார். நன்றி சொல்வார் என்று நின்றேன்.

"மொத்தம் எத்தினை பிள்ளையள்?" என்று கேட்டார்.

"இருபத்தாறு."

"அப்ப இருபத்தாறு பேருக்குக் காய்ச்சிறன்" என்றார்.

கூட்டத்தில் மேசையில் அடித்தவன், வீட்டில் இதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சொல்லலாம் சொல்லலாம் என்று இருந்துவிட்டு, பின்னேரம் முற்றம் கூட்டினேன். மனைவி ஆச்சரியமாகப் பார்த்தா.

திங்கட்கிழமை கடையைத் திறக்காமல் முன்பள்ளிக்குப் போனேன். பானை வந்திருந்தது. மூடியைத் திறக்க ஏலக்காய் மணத்தது. அந்தச் சின்னப் பெண் தலைக்கு எண்ணெய் வைத்து, புதுச் சட்டை போட்டு, கோப்பைகளை அடுக்கி வைத்துக்கொண்டு தாய்க்குப் பக்கத்தில் நின்றாள். பிள்ளைகள் ஒன்பது பேர். வாசலைப் பார்த்துப் பார்த்து நேரம் போனது. பத்தாவது பிள்ளை வரவில்லை.

என் ரெலிபோன் அடித்தது. மனைவி.

"இஞ்சருங்கோ, பிள்ளைக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது. இண்டைக்கு அனுப்பேல்லை எண்டு ரீச்சரிட்டைச் சொல்லிவிடுங்கோ."

"காலமை முற்றத்திலை ஓடித் திரிஞ்சவளெல்லோ?"

"நீங்கள் செயலாளரா இருங்கோ, ஊரைத் திருத்துங்கோ, ஆர் வேண்டாமெண்டது? பிள்ளையை அதுக்குள்ளை இழுக்காதேங்கோ."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குச் சொன்னது "சரி" என்றுதான்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். ரீச்சரின் மேசையில் இருந்த கோப்பையை எடுத்து நீட்டி, கஞ்சி வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி உறிஞ்சிக் குடித்தேன். இரண்டாவதும் வாங்கினேன். "பிள்ளையள், இதைக் குடிச்சால் என்னைப்போலை வடிவா வருவியள்" என்றேன். ஒன்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். ரீச்சரும் சிரித்தா. மூன்றாவது கோப்பையோடு, "இனி என்ரை மகன்ரை கலியாணத்துக்கும் இவதான் சமையல்" என்று அறிவித்தேன். சின்னப் பெண் மட்டும் தன் முன்னாலிருந்த பதினேழு வெறுங்கோப்பையையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டிருந்தாள். நான் நாலாவது தடவை கையை நீட்டினேன்.

அந்தத் தாய் அகப்பையைப் பானைக்குள் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணை, நான் உங்களுக்குக் காய்ச்சேல்லை. கோப்பையை வைச்சிட்டுப் போய் உங்கடை பேத்தியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."