மழை என்று கத்தியவர்

ஆம்பூரில் நான் எழுத்தராக இருந்த, தோல் பதனிடும் ஷாப்பில், வானத்தைப் பார்ப்பதையே உத்தியோகமாகக் கொண்ட ஒருவர் இருந்தார். களத்தில் காயும் தோல் நனைந்தால் கெட்டுவிடும். அதனால் மேகம் திரண்டதும் "மழை! மழை!" என்று அவர் கத்துவார், எல்லோரும் போட்டது போட்டபடி ஓடிவந்து தோலை உள்ளே அள்ளுவோம். அண்ணாந்தே பழகிய கழுத்து என்பதால், கும்பிடும்போதுகூட முதலாளியின் தொப்பிக்கு மேலேதான் பார்ப்பார். எங்களுக்கோ உழைப்பாளிகள் என்ற கர்வம். அவரைச் சோம்பேறி என்போம்.

ஒரு சித்திரை நண்பகலில் அவர் கத்தினார். சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர்கள் உட்பட அத்தனை பேரும் ஓடிவந்தோம். மேகமே இல்லை. ஓர் ஏரோப்ளேன் மேற்கே போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் நீலத்தில் வெண்புகைக் கோடு ஒன்று நீண்டு கிடந்தது. தொட்டிக்காரர்கள் சுண்ணாம்புக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்கள்.

"இன்னாய்யா, மழை எங்க?" என்று சீறினார் முதலாளி.

"மழை இல்ல மொதலாளி. அந்தக் கோடு எவ்ளோ அழகா இருக்குது பாருங்க. நான் ஒருத்தனே பாத்தா போதுமா? குனிஞ்சே கெடக்கறவங்க மழைன்னாதானே வெளிய வருவாங்க?"

முதலாளி பார்த்தார். கோடு கரையும்வரை வாயைத் திறந்தபடி பார்த்தார். பிறகு கழுத்தை இறக்கி, வேலை நேரத்தில் வேடிக்கை பார்த்த குற்றத்துக்காக அந்த மனிதரை வீட்டுக்கு அனுப்பினார்.

அவருடைய வேலையும் என் தலையில் விழுந்தது. நானும் வருஷக்கணக்கில் அண்ணாந்து பார்த்தேன். மேகத்தைத் தவிர எனக்கு ஒன்றும் தெரிந்ததில்லை.