ஐந்தாம் படத்துக்கு நான் எழுதிய தேதி

அந்த அட்டை இன்னும் பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது. ஏற்றுமதிப் பெட்டியின் ஒரு பக்கத்தை அறுத்து எடுத்தது. நீளம் இருபத்திரண்டு அங்குலம், அகலம் பதினாறு. ஆறு படங்கள் ஒட்டினோம்; இப்போது ஐந்து இருக்கின்றன.

எண்பதுகளின் கடைசியில், திருப்பூரில் குழந்தைகளுக்கான பனியன் துணிகளை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். பட்டம் படித்தவன் என்பதால் எண்ணுகிற வேலையெல்லாம் என் தலையில். முதலாளி ஐரோப்பாவுக்குப் போய் வந்தவர். வேண்டியதையெல்லாம் படமாக ஒட்டித் தினமும் பார்த்தால் அது நடந்துவிடும் என்று அங்கே யாரோ சொன்னார்களாம். வந்ததும் தன் அறையில் பலகை மாட்டி ஒரு காரையும் ஒரு கட்டடத்தையும் ஒட்டினார். கார் பதினோராம் மாதம் வந்தது. கையெழுத்து வாங்க அந்த அறைக்கு நாளைக்கு நான்கு முறை போகிறவன் நான். எனக்கும் ஆசை வந்ததில் தப்பில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி மைதாப் பசை காய்ச்சினாள். படங்களுக்குப் பஞ்சமில்லை. எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் சீசனுக்கு ஒருமுறை அனுப்பும் படப் புத்தகங்களில் பழையவற்றை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். எதை வெட்டினாலும் கூடவே ஒரு பனியன் வரும். ஓட்டு வீடு ஒன்றை வெட்டினேன். வாசலில் ஒரு வெள்ளைக்காரியின் முழங்கை ஒட்டிக்கொண்டு வந்தது. ஸ்கூட்டரும் ஃபிரிட்ஜும் செய்தித்தாளிலிருந்து எடுத்தவை. நான்காவது, கிணறும் தென்னையும். ஆறாவது, ஒரு ரயில்.

ஐந்தாவதை அவள்தான் வெட்டினாள். கைக்குழந்தை. எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது எண்பத்தொரு மாதம். அந்தப் புத்தகத்தில் நாற்பத்திரண்டு குழந்தைகள் இருந்தன. அவற்றில் சிரிக்காத ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தாள். ஏன் இது என்று கேட்டேன். மற்றதெல்லாம் யாரோ சிரிக்க வைத்துச் சிரிக்கிறது, இது மட்டும் நம்மை இன்னும் பார்க்காத மாதிரி இருக்கிறது என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். எனக்குத் தேதி போடாமல் எதையும் விட வராது. கம்பெனியில் ஒவ்வொரு ஆர்டருக்கும் கப்பலேறும் நாள் உண்டு. அதற்குள் சரக்கு போகாவிட்டால் ஆர்டர் ரத்து. நான் ஆறு படங்களுக்கும் கீழே நீல மையில் தேதி எழுதினேன். குழந்தைக்கு, ஒன்றரை வருஷம் தள்ளி, மார்ச் 31.

அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பலைத் தவறவிட்ட சரக்கைக் கம்பெனிகள் தலையில் அடித்துக்கொண்டு விமானத்தில் அனுப்புவதை நான் சொல்லக் கேட்டிருக்கிறாள்.

"ஏனுங்க, லேட்டாச்சுன்னா இதையும் ஏர்லயே வர வெச்சுருவீங்களா?"

இருவரும் சிரித்தோம். அந்த வீட்டில் அப்படிச் சிரித்தது எத்தனை முறை என்று மட்டும் நான் எண்ணி வைக்கவில்லை.

ஸ்கூட்டர் வந்தது, பழையதுதான். ஃபிரிட்ஜ் வந்தது. வீட்டுக்குப் போட்ட தேதி இரண்டு முறை கடந்தது. பையரிடம் கெஞ்சி நாள் நீட்டிப்பு வாங்குவதும் எங்கள் தொழிலில் உண்டு. அடித்து, அடித்து, புதுத் தேதி எழுதினேன். கோயம்புத்தூர் டாக்டரம்மாவிடம் ஒன்பது முறை போனோம். அவிநாசிக் கோயிலுக்குப் போனதை அவள் எண்ண விடவில்லை.

ஏப்ரல் முதல் தேதி காலை, அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், சுவரில் மாட்டியிருந்த அட்டையில் ஈரத் துணியை வைத்து நனைத்துக் குழந்தைப் படத்தை உரித்தேன். அவள் தினமும் அதன் முன்னால் நின்று தலை வாருவது எனக்குத் தாங்கவில்லை. அதை அவளிடம் சொல்லத் தெரியாமல்தான் தேதியைச் சாக்காக வைத்தேன். படம் முழுதாக வரவில்லை. மைதாவோடு சேர்ந்து நொய்ந்து, உருட்டிய மாவாக விரலில் வந்தது.

குடத்தை இறக்கிவிட்டுச் சுவரைப் பார்த்தாள். தேதி தாண்டிவிட்டது என்றேன்.

"ஊட்டுக்கு ரெண்டு தடவ தேதி தள்ளி எழுதுனீங்க," என்றாள்.

மறுநாளே கம்பெனியில் அந்தப் புத்தகத்தின் இன்னொரு பிரதியைத் தேடினேன். சாம்பிள் அறையில் இரண்டு அலமாரி, ஸ்டோரில் பதினான்கு பெட்டி. சீசன் முடிந்ததும் கழிவோடு போய்விட்டது என்றார்கள். வேறு புத்தகங்களைக் கொண்டு வந்தேன். தொண்ணூறுகள் முழுக்கக் கொண்டு வந்தேன். ஒவ்வொன்றையும் அவள் பொறுமையாகப் புரட்டுவாள். "இல்லீங்க, இது சிரிக்குது," என்று மூடி வைப்பாள். ஒட்டச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை.

வீடு கட்டிக் குடிவந்தபோது அட்டையும் கூடவே வந்தது. ஐந்தாம் இடத்தில் அட்டையின் மேல்தோல் உரிந்து நெளிவு தெரிகிறது. அதன் கீழே மார்ச் 31, நீல மை, அழியவில்லை. அதை அடித்து வேறு தேதி எழுத எத்தனையோ முறை பேனாவை எடுத்திருக்கிறேன். எந்தத் தேதியை எழுதுவது?

போன வாரம் எதிர் வீட்டுக்காரர் தன் கம்பெனிக்கு வந்த புதுப் புத்தகத்தைக் கொடுத்தார். நான் முதலில் எண்ணினேன். முப்பத்தொரு குழந்தைகள். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, கடைசிப் பக்கம் வரை பார்த்தாள். எனக்குப் பத்து நிமிஷம் ஆன புத்தகம் அவளுக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

"அத்தனையும் சிரிக்குதுங்க," என்றாள். மூடி என்னிடம் நீட்டிவிட்டு, "அடுத்த சீசன் பொஸ்தகம் எப்ப வருமுங்க?" என்று கேட்டாள்.

நான்கு மாதம் ஆகும் என்றேன். ஐந்தும் ஆகலாம்.