பாவு விரித்த தெரு

கோயிலில் பூசிய புற்றுமண் நெற்றியில் இன்னும் ஈரமாக இருக்கிறது. வாடகை அம்பாசிடரை ஓட்டும் சுடலை அண்ணாச்சிதான் இன்று எனக்கு வழிகாட்டி. கோயில், தறி, பிறகு மலையடிவாரம் என்பது அவர் போட்ட திட்டம். ஆனால் சங்கரன்கோவில் நெசவாளர் தெருவுக்குள் திரும்பியதுமே கார் எஞ்சினை அணைத்துவிடுகிறார். தறியில் ஏற்றுவதற்காகக் கஞ்சி தோய்த்த பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இருபுறமும் நின்று நீவிக்கொண்டிருக்கிறார்கள்.

"பாவு காயுத வரைக்கும் வண்டி போகாது சார்," என்கிறார் அண்ணாச்சி. "ஹாரனும் அடிக்க மாட்டோம்."

மேற்கே மலையை மேகம் மூடிக்கொண்டு வருகிறது. தாமதித்தால் ஒன்றும் தெரியாது. எரிச்சலோடு இறங்கி, நூலை நீவும் ஒரு பெண்ணிடம் கேட்கிறேன்: "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்மா? மலையைப் பார்க்கப் போகணும்."

அவள் கை நிற்கவில்லை.

"நாங்களும் விடிஞ்சதுல இருந்து மலையத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம். அங்கன இருந்து ஒரு மழைத் தூத்தல் வந்தாப் போதும், கஞ்சி கரைஞ்சு பாவு அம்புட்டும் வீணாப் போயிரும்."

நான் காருக்குத் திரும்பவில்லை. அவர்களோடு நின்று மேற்கே பார்க்கிறேன். மேகம் மலையை முழுதாக மூடிக்கொண்டு அங்கேயே கிடக்கட்டும்.