ஊதா நோட்டீஸ் ஒட்டிய வீட்டின் மாடி

நம்மைப் போன்றவர்கள் வரவே வேண்டாம் என்கிற கட்சிக்கு வாக்களித்த ஒருவர், தன் வீட்டு மாடியை நமக்கு வாடகைக்குத் தருகிறேன் என்றால் குடிபோகலாமா? இதற்கு விடை தேடித்தான் விருதுநகரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை போய் வந்தேன். முதுகுவலிதான் மிச்சம்.

என் கணவர் செல்வம் ஒரகடத்தில் வண்டிகளுக்குக் கியர் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் பொறியாளர்; தங்கியிருப்பது ஸ்ரீபெரும்புதூரில். அதே நிறுவனத்துக்கு இங்கிலாந்தின் வடகிழக்கில் ஒரு பழைய ஆலை உண்டு. அங்கே ஓடும் உற்பத்தி லைன் ஒன்றைப் பிரித்துக் கப்பலில் ஏற்றி, ஒரகடத்தில் மறுபடி பூட்டப் போகிறார்கள். பிரிக்கும்போது கூடவே இருந்து கற்றுக்கொள்ள இவரை ஒரு வருடம் அங்கே போகச் சொல்கிறார்கள். குடும்பமும் போகலாம். எங்கள் மகள் யாழினிக்கு மூன்று வயது. மாடி தருவதாகச் சொல்பவர், இங்கே வேலையாக வந்திருக்கும் ஆங்கிலேயப் பொறியாளர் இயனின் அப்பா. இயனையே நேரில் கேட்டுவிடலாம் என்று மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

2015 மே 9, சனிக்கிழமை, காலை ஆறு மணி. ரயில் தாம்பரத்தில் இறக்கிவிட்டது. பிரிட்டன் தேர்தல் முடிவு முந்தைய நாள்தான் வந்திருந்தது. வழியெல்லாம் கைபேசியில் அதையே படித்துக்கொண்டு வந்ததில் தூக்கம் போனது. தெரிந்துகொண்டால் பயம் குறையும் என்று நினைத்தேன். கூடியதுதான் மிச்சம்.

ஏழே முக்கால். பஸ்ஸில் படப்பை வழியாக ஒரகடம் கூட்டுரோடு. அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு ஷேர் ஆட்டோ, தலைக்கு இருபது ரூபாய். யாழினிக்கு அரைக் கட்டணம் கூட வேண்டாம் என்றார் ஓட்டுநர். ஐம்பது வயதிருக்கும், மண்ணூர்க்காரர். இரண்டு பக்கமும் மதில் மதிலாகத் தொழிற்சாலைகள். எதிரே ஷிப்ட் பஸ்கள் வரிசையாக வந்தன. அதைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

“பாத்தியாமா? நெலம் குட்த்தது நாங்க. எங்க பசங்களுக்கு இன்னா கெட்ச்சுது? வாட்ச்மேன் வேலை, தோட்ட வேலை. லைன்ல நிக்கிறவன் பூரா தெக்கத்தியான். எங்கப்பா காலத்துலேர்ந்து ஒரே சின்னம்தான் எங்க வூட்ல. போன தபா மாத்தி அமுக்கிட்டேன். இருக்கட்டும்!”

“ஆங், அப்படியா” என்றேன்.

“நீ எந்த ஊருமா?”

“தாம்பரம்” என்று வாயில் வந்துவிட்டது. தாம்பரத்தில்தானே பஸ் ஏறினேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

காணாமல் போனால் சொல்ல வேண்டும் என்று பேரும் ஊரும் நான்தான் மகளுக்கு மனப்பாடம் செய்வித்திருந்தேன். ஊர் என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் எழுந்து நின்றுகொண்டு, “என் பேரு யாழினி, அப்பா பேரு செல்வம், ஊரு விருதுநகர்!” என்று ஒப்பித்தாள்.

ஆட்டோவில் எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டுநர்தான் அதிகம் சிரித்தார். “அடிப்பாவி பொண்ணே, அம்மாவ மாட்டி வுட்டியே! நம்ம மாடில கீற பசங்ககூட அந்தப் பக்கம்தாம்மா. சாத்தூர், கோவில்பட்டி. ஆறு பேரு. எங்க வூட்டுக்காரி கறி ஆக்கினா அவனுங்களுக்கும் ஒரு சட்டி போவும்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அப்ப எதுக்குண்ணே ஓட்ட மாத்திப் போட்டீங்க?”

“ஓட்டு வேற, வூடு வேறமா” என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. யாழினிக்குக் குமட்டியபோது ஓரம்கட்டி, தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். நல்ல மனிதர். அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் முடிவெடுக்க வசதியாக இருந்திருக்கும்.

மாலை நான்கு மணி. நிறுவன விருந்தினர் விடுதியில் கணவருக்கும் எனக்கும் இயன் தேநீர் கொடுத்தார். யாழினியின் கிரேயான் பெட்டியை வாங்கி, தன் நாட்டை வரைந்தார். தன் ஊர்ப் பக்கம் முழுக்கச் சிவப்பு. சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த இடம். தொழிலாளர் கட்சியைத் தவிர வேறு எதுவும் ஜெயித்து அவர் பார்த்ததில்லை. மேலே ஸ்காட்லாந்து நேற்றுவரை பெரும்பாலும் சிவப்பு. இப்போது கிட்டத்தட்ட எல்லாமே மஞ்சள், தனிநாடு கேட்கும் கட்சி. தெற்கே பெரும்பகுதி நீலம், பழமைவாதக் கட்சி. இழுபறி என்று சொன்ன கணிப்புகளை மீறி அவர்கள்தான் ஆட்சி. பிறகு தன் ஊர்ச் சிவப்பின் மேலேயே ஊதாப் புள்ளிகளாக வைத்தார். வெளியாட்கள் வருவதை நிறுத்தச் சொல்லும் கட்சி அது. நாடு முழுக்க லட்சக்கணக்கில் வாக்கு வாங்கியும் ஒரே ஓர் இடம்தான். ஆனால் அவர் ஊரில் இரண்டாம் இடம்.

“இதில் ஒரு புள்ளி என் அப்பா” என்றார். சுரங்கம் மூடியபோதுகூடச் சிவப்பை விடாதவர். “எங்களைக் கேட்காமலே எங்கள் ஓட்டை எண்ணி வைத்துக்கொண்டார்கள்” என்று சொல்லித்தான் மாறினாராம். சுரங்கத்துக்குப் பிறகு கியர் ஆலையில் வேலை. என் கணவர் பிரிக்கப் போகும் அதே லைனில்.

யாழினி ஊதாவைப் பிடுங்கி நாடு முழுக்கக் கிறுக்கினாள். நான் கேட்டேன்: “செல்வம் எதற்கு வருகிறார் என்று அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியும். தெரிந்துதான் மாடியைத் தருகிறேன் என்றார்.” பிறகு உற்சாகமாக, “நீங்கள் காமன்வெல்த் நாட்டினர். பதிவு செய்துகொண்டால் நீங்களும் அங்கே வாக்களிக்கலாம்” என்றார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் அவர் அப்பாவும் ஒரே வரிசையில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

கைபேசியில் ஒரு படம் காட்டினார். செங்கல் வீடு. முன் ஜன்னலில் ஊதா நோட்டீஸ், தேர்தல் முடிந்தும் கிழிக்கவில்லை. வாசலில் சிவப்பு மூன்று சக்கர சைக்கிள். இயன் சிறுவயதில் ஓட்டியது. யாழினிக்காக அவர் அப்பா பரணிலிருந்து இறக்கி, எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறாராம்.

திரும்பும் வழியில் கணவர், “சைக்கிளப் பாத்தேல்ல? இன்னும் என்னத்த யோசிக்கிற?” என்றார்.

“நோட்டீஸையும் பாத்தேங்க.”

“எல்லாத்தையும் பாத்தா வீட்டவிட்டே கிளம்ப முடியாது.”

அவருக்கென்ன, அவர் ஆலைக்குள் போய்விடுவார். பூங்காவுக்கும் கடைக்கும் நர்சரிக்கும் குழந்தையோடு போகப்போவது நான். மாடி கொடுத்தவர் ஒருவர். அந்தத் தெருவில் எத்தனை ஜன்னல்களோ. அதே சமயம், அப்பா முகம் பார்க்காமல் ஒரு வருடம் இவளை வளர்ப்பது மட்டும் சரியா? இரண்டு பக்கமும் நானே பேசி நானே தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

மே 10, ஞாயிறு மாலை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிறுத்தத்தில் வழியனுப்ப வந்த கணவரிடம் யாழினி கேட்டாள்: “அந்தச் சைக்கிள எப்பப்பா ஓட்டுறது?”

ஜூன் முடிவதற்குள் நாங்கள் பதில் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட ஊரில், இப்படிப்பட்ட வீட்டில் குழந்தையோடு இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். பொதுவாக நல்லவர்கள்தான், பொதுவாகப் பயமில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். காலையில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு அந்த வாசலைத் தாண்டும்போது உங்கள் கண் எதன்மேல் போனது, சைக்கிள்மேலா, நோட்டீஸ்மேலா? அதைச் சொன்னால் போதும்.