மைன் பக்கம் வெறுமை

வெள்ளவத்தையில் நான் இருக்கும் தொடர்மாடிக்குள் போக, ஒவ்வொரு முறையும் விசிட்டர் கொப்பியில் கையெழுத்து வைக்க வேண்டும். மூன்று வருடமாக வைக்கிறேன். காவலாளி நல்ல மனிதர். "அங்கிள் ஓனர் நெவெய்னே" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தபடி பேனாவை நீட்டுவார். ஓனர் இல்லைத்தான். வீடு மருமகன் பெயரில், அவர் ரொறன்ரோவில்.

பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் வரும். அவர்களோடு நாலு வார்த்தை கதைக்கலாமே என்று, அறுபத்தெட்டு வயதில் பக்கத்து ஒழுங்கையில் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பில் சேர்ந்தேன். போன கிழமை மை, மைன், ஹர், ஹர்ஸ் பாடம். வீட்டில் எது யாருடையது என்று எழுதச் சொன்னார் ரீச்சர், என் மகளை விட இளையவர். வீடு ஹிஸ். கட்டிலும் அலுமாரியும் தெயர்ஸ். போன் மகள் வாங்கித் தந்தது, ஹர்ஸ்.

"ஐயா, மைன் பக்கம் வெறுமையாக் கிடக்கே. ஊரில வீடு இல்லையோ?"

"இருந்தது பிள்ளை. மகளுக்குச் சீதனமாக் குடுத்திட்டன்."

"அப்ப மை டோட்டர்ஸ் ஹவுஸ் எண்டு எழுதுங்கோ."

"அவ வித்திட்டா."

வகுப்பே சிரித்தது. பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

நம் ஊர் வழக்கம், ஊர்க்காரரான உங்களுக்குத் தெரியாததா? அந்த வீட்டுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவன் நான். வீட்டு உறுதியை மகள் பெயருக்கு எழுதிக் கொடுத்த அன்று, பெண்ணைப் பெற்றவனின் கடமை முடிந்ததென்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். மனைவி இறந்தபின் அதை விற்றுத்தான் இந்தத் தொடர்மாடி வீட்டை வாங்கினார்கள். கனடா விசாவுக்காக வந்து தங்கினேன். இரண்டு தரமும் மறுத்துவிட்டார்கள்.

நேற்று மகள் அழைத்தாள். இதையும் விற்கப் போகிறார்களாம்.

"ஊரில ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கிறம், அப்பா. எங்கட பழைய வீட்டில இருந்து ரெண்டு ஒழுங்கைதான். உங்களுக்கு ஓகேதானே?"

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். கொடுத்த சீதனத்தைப் பற்றித் தகப்பன் வாய் திறக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவன் நான்.

"உங்கட வீடு, பிள்ளை. உங்கட விருப்பம்," என்றேன். போனை வைத்தபின் நெடுநேரம் அழுதேன்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். பழைய வீட்டு ஒழுங்கையால் போகாமல் சுற்றித்தான் நடப்பேன். சந்தியில் கண்டால் எப்போது வந்தீர்கள் என்று கேளுங்கள், சொல்கிறேன். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.