பட்டாணிக்கு ஒரு இருக்கை

அந்தக் குளியலறையில் கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். கதவு உள்பக்கமாகத் திறக்கும். கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் கம்மோடில் போய் இடிக்கும். மூன்று பெரியவர்களும், எல்லோரும் பட்டாணி என்று கூப்பிடும் இரண்டரை வயதுக் குழந்தையும் அந்த ஒரே அறையை நம்பித்தான் இருந்தார்கள்.

பட்டாணியின் அப்பா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நல்ல உயரம். அவ்வளவு நீள வண்டியைக் குறுகலான தெருவில் அலுங்காமல் திருப்பிவிடுவார்; சொந்த வீட்டுக் குளியலறைக்குள் மட்டும் தோளை ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். பேச்சு குறைவு. நாற்பதை நெருங்கும்போதுதான் கல்யாணம் ஆயிற்று. பட்டாணி பிறந்த பிறகு டிப்போவில் வாயைத் திறக்க ஆரம்பித்தார், அதுவும் அவளைப் பற்றி மட்டும். மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, வீடு திரும்ப இருட்டிவிடும். காலை ஷிப்டு முடித்து மதியமே வந்துவிடுகிறவர் அவர் என்பதால், பட்டாணியை டயப்பரிலிருந்து விடுவிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

"சாயந்திரம் வீட்டுக்கு ஒரு பாட்டி வாங்கணும்" என்று அவர் டிப்போவில் சொன்னபோது கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்கு, உங்க மாமனாருக்கா?"

"பாட்டி சீட்டுய்யா. குழந்தை உக்காந்து கக்கூஸ் போறதுக்கு."

அன்று முழுக்க டிப்போவில் அதுதான் பேச்சு.

மாமனார் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் மனைவி இறந்த பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. அவர் பிடித்து எழுந்திருக்கக் கம்மோடுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி பதித்திருந்தார்கள். காலையில் பட்டாணியைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

முதலில் வந்தது வாத்து வடிவத்தில் ஒரு பாட்டி. உட்கார்ந்தால் பாடும். மாமனார் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"ஒரு இடத்துலகூட ஒற்று போடல மாப்ள. இவங்கள நம்பி எப்படிக் குழந்தைய உக்கார வைக்கிறது?"

ஒற்றெழுத்தைவிடப் பெரிய சிக்கல் இடம். வாத்தை உள்ளே வைத்தால் கதவு பாதிதான் திறந்தது. கூடத்தில் வைத்தால் பட்டாணி அதில் தன் பொம்மையை உட்கார வைத்துவிட்டு, தன் காரியத்தைத் திரைச்சீலைக்குப் பின்னால் முடித்தாள்.

"பொம்மைக்கு வருதுப்பா" என்று விளக்கமும் சொன்னாள்.

அடுத்தது ஏணி வைத்த இருக்கை. கம்மோடின் மேல் பொருத்த வேண்டும். குழந்தை தானே படியேறி உட்காரலாம். பட்டாணிக்கு ஏறி இறங்குவதே பெரிய விளையாட்டு. அப்பா வாய் கொள்ளாமல் சிரித்தார். ஆனால் மாமனார் தான் போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அந்தக் கனத்தைத் தூக்கி நகர்த்த வேண்டியிருந்தது.

ஒரு மதியம் டிரைவர் வீட்டுக்கு வந்தபோது ஏணி தரையில் சாய்ந்து கிடந்தது. வாளியில் மாமனாரின் பேண்ட் ஊறிக்கொண்டிருந்தது. அவரோ அறையில் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். டிரைவருக்குப் புரிந்துவிட்டது. பேண்டை அலசிப் பிழிந்து, மற்ற துணிகளுக்கு நடுவே காயப்போட்டார்.

ராத்திரி சாப்பிடும்போது பட்டாணி போட்டு உடைத்தாள்.

"தாத்தா பேண்ட்ல போயிட்டாரு. தாத்தா பாப்பா."

மாமனாரின் கை தட்டிலேயே நின்றது. "அப்படில்லாம் சொல்லக்கூடாதுடி" என்று மனைவி ஆரம்பிப்பதற்குள் டிரைவர் குறுக்கிட்டார்.

"நானும் போயிருக்கேன். ஹாஸ்டல்ல இருந்தப்போ. பத்து வயசு வரைக்கும் படுக்கையிலதான். காலையில பாயை நானே தூக்கிட்டுப் போய் வெயில்ல போடணும். அத்தன பேரும் பாத்துட்டு நிப்பாங்க."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவர் இதைச் சொன்னதில்லை.

மாமனார் மெதுவாகக் கேட்டார். "யாரும் திட்டலியா?"

"திட்டினாங்க மாமா. அதனாலதான் பத்து வயசு வரைக்கும் இழுத்துது."

"அப்பாவும் பாப்பா" என்று பட்டாணி கணக்கை முடித்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். முதலில் சிரித்தது மாமனார்தான்.

மறுநாள் டிரைவர் பழைய செய்தித்தாளைக் கம்மோடின் மேல் விரித்து, பேனாவால் விளிம்பைச் சுற்றி வரைந்து, கத்தரித்து எடுத்துக்கொண்டார். "நானும் வரேன்" என்று மாமனார் கைத்தடியோடு கிளம்பினார். கடையில் காகிதத்தைப் பிரித்ததும் விற்பனைப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். விளக்கு எரிவது, கரடி முகம் போட்டது என்று எடுத்து எடுத்து வைத்தாள். இருவரும் எல்லாவற்றையும் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்து, கடைசியில் மெத்தென்ற ஒரு சாதாரண வளையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மாமனார் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"இது சரி மாப்ள. எடுத்து ஆணியில மாட்டிட்டா நம்ம வழிக்கே வராது."

பட்டாணிக்குத்தான் பிடிக்கவில்லை. கால் அந்தரத்தில் தொங்கியதும் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள். அவள் காலுக்கு அவர் ஒரு குட்டி முக்காலியை வைத்தார். அப்போதும் கழுத்தை விடவில்லை. அழுகைக்கு நடுவே, தாத்தாவின் கைப்பிடியைக் காட்டினாள்.

"எனக்கும் அது."

அது அவளுக்கு எட்டாத உயரம். டிரைவர் அலமாரி இழுப்பறைக்குப் போடும் சின்னக் கைப்பிடி ஒன்றை வாங்கி வந்தார். குளியலறைக்குள் ஒருக்களித்து உட்கார்ந்து, முழங்கை சுவரில் இடிக்க இடிக்கத் துளை போட்டு, பெரிய கைப்பிடிக்குக் கீழே அதைப் பதித்தார். பட்டாணி அதை இழுத்துப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கழுத்தை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் மூச்சுவிடாமல் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் சத்தம் கேட்டது.

வாசலில் நின்ற மாமனார், "கேட்டுச்சா மாப்ள?" என்றார், குரலைத் தாழ்த்தி.

அதற்குப் பிறகும் திரைச்சீலைப் பக்கம் ஈரமான நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் டிரைவர் திட்டாமல் துடைத்துவிட்டு அவளை மடியில் வைத்துக்கொள்வார். வரவர அந்த நாட்கள் குறைந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் அவள் எதிரே குந்தியிருந்த அப்பாவைப் பட்டாணி ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ வெளிய போப்பா. கதவ சாத்திட்டுப் போ."

அவர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். கை கொஞ்ச நேரம் கதவிலேயே இருந்தது. பின்னால் மாமனார் துண்டோடு வந்து நின்றார்; அவருக்குப் பின்னால் மனைவி.

"உள்ள யாரு?" என்றாள்.

"பட்டாணி. தனியா" என்றார் டிரைவர்.

மூன்று பேரும் வரிசையில் நின்றார்கள். யாரும் கதவைத் தட்டவில்லை.